எங்கள் மலைக் குளிருக்கு எந்த டயர்?

குளிர்காலம் என்னும் சொல்லுக்கு எல்லா ஊரிலும் ஒரே பொருள் இல்லை. ஜெர்மனி நாட்டில் பணிபுரியும் என் மூத்த மருமகனுக்கு அது சாலையெங்கும் வெண்பனி உறையும் காலம். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் அருகே குடியிருக்கும் அவனுடைய தாயாருக்கு, அதாவது என் தமக்கைக்கு, அது ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையும் மார்கழி விடியலின் மூடுபனியும் சேர்ந்த காலம். இந்த வேறுபாட்டை முன்னிட்டு எங்கள் குடும்பத்தில் சென்ற ஆண்டு ஒரு விவாதம் எழுந்தது. அண்ணனும் தம்பியும் தொலைபேசியில் வாதிட்டனர். தாய்மாமன் என்னும் முறையில் நடுவராக இருந்து நான் தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. விவாதத்தின் பொருள் நிலமோ நகையோ அன்று; காரின் டயர்!

குடும்ப இதழில் டயரைப் பற்றி என்ன பேச்சு என்று எண்ணும் தாய்மார்களுக்கு ஒன்று சொல்வேன். நீங்கள் கார் ஓட்டாதவர்களாக இருக்கலாம். ஆயினும் பேருந்திலோ, வாடகை ஜீப்பிலோ, பிள்ளையின் இருசக்கர வண்டியிலோ மழை நாளில் மலைப்பாதையில் சென்றிருப்பீர்கள். அப்போது உங்களையும் சாலையையும் இணைத்திருந்தது ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் ஏறக்குறைய உள்ளங்கை அகலமே உள்ள ரப்பர்தான். என்ஜினின் வலிமை, பிரேக்கின் கூர்மை, ஓட்டுபவரின் திறமை ஆகிய அனைத்தும் அந்த உள்ளங்கை அகலத்தின் வழியாகவே சாலையைச் சென்றடைய வேண்டும். வேறு வழியில்லை.

என் தமக்கைக்கு இதய நோய். பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை வேலூரில் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். மலைச்சாலையில் வளைந்து வளைந்து போளூருக்கு இறங்கி, பிறகு சமவெளியில் கண்ணமங்கலம் வழியாக வேலூருக்குச் செல்ல வேண்டும். பேருந்து இல்லாமல் இல்லை. ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் ஆடி அசைந்து செல்லும் பயணம் அவருக்கு ஒவ்வாது. எனவே சென்னையில் வேலை பார்க்கும் இளைய மருமகன் வெள்ளிக்கிழமை இரவே காரில் புறப்பட்டு வந்து, மறுநாள் காலையில் தாயாரை வேலூருக்கு அழைத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது.

அவனுடைய கார்தான் சிக்கலுக்கு வித்து. வேறொருவர் சில ஆண்டுகள் ஓட்டிய காரை அவன் வாங்கியிருந்தான். பழையதாயினும் தோற்றத்தில் பந்தயக் காரின் சாயல். தரையோடு தரையாகத் தாழ்ந்த உடல், மிதித்தவுடன் சீறிப்பாயும் என்ஜின். முன்னிருந்த உரிமையாளர் அழகு கருதி, நிறுவனம் கொடுத்த சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பதினெட்டு அங்குல விட்டமுள்ள அலாய் சக்கரங்களையும் அகன்ற டயர்களையும் பொருத்தியிருந்தார். டயரின் பக்கச்சுவரோ மெலிந்த பட்டைபோல் இருந்தது. நகரத்து வழவழப்பான சாலையில் அது ஒட்டிப் பிடித்து ஓடும். பார்ப்பவர் திரும்பிப் பார்ப்பர். மலைமேல் வந்தாலோ, ஒவ்வொரு குழியும் தமக்கையின் முதுகெலும்பில் கணக்கெழுதும்.

சென்ற புரட்டாசி இறுதியில் பெரியவன் தொலைபேசியில் பேசினான். "மாமா, மழையும் குளிரும் தொடங்கப் போகிறது. தம்பி அந்தக் கோடை டயரிலேயே அம்மாவை மலையிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கிறான். இங்கே அக்டோபர் வந்தால் யாரும் அப்படி ஓட்டமாட்டார்கள். நான் நான்கு குளிர்கால டயர்களை வாங்கி அனுப்பிவிடுகிறேன்" என்றான். தாயின்பால் அவனுக்குள்ள பாசம் அந்தச் சொற்களில் தெரிந்தது. எனினும் பாசம் வேறு, பௌதிகம் வேறு அல்லவா?

அவன் நாட்டு வழக்கத்தைச் சற்று விளக்குவது நலம். ஜெர்மனியில் அக்டோபர் முதல் உயிர்ப்பு விழா வரை குளிர்கால டயர் என்று மக்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்நாட்டு மொழியில் அவ்விரு சொற்களும் 'ஓ' என்னும் எழுத்தில் தொடங்குவதால் 'ஓவிலிருந்து ஓ வரை' என்பது அங்கே வாய்ப்பாடு. சட்டம் நாள் குறித்துச் சொல்லவில்லை. 2010-ஆம் ஆண்டு முதல், சாலையில் பனியோ பனிக்கட்டியோ இருக்கும்போது அதற்குரிய டயர் இல்லாமல் ஓட்டக்கூடாது என்று சொல்கிறது. அதற்குரிய டயர் எது என்பதை அடையாளம் காண, மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் வரைந்த முத்திரை டயரின் பக்கச்சுவரில் இருக்க வேண்டும். முன்பு 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்துகளே போதுமென்று விட்டிருந்தார்கள். அந்தச் சலுகை 2024 செப்டம்பரோடு முடிந்தது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 2008 முதல் இது கட்டாயம். இப்போது டிசம்பர் முதல் நாளிலிருந்து மார்ச் 15 வரை அங்கே குளிர்கால டயரின்றிக் கார் ஓட்டுவது குற்றம். மொன்றியலில் வாழும் நம் ஈழத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஆண்டுக்கு இருமுறை டயர் மாற்றுவதை நாம் வீட்டுக்கு வெள்ளையடிப்பதைப்போல் ஒரு பருவ வேலையாகவே வைத்திருக்கிறார்கள்.

குளிர்கால டயரில் அப்படி என்ன சிறப்பு? இரண்டு. முதலாவது, ரப்பரின் குணம். சாதாரண டயரின் ரப்பர் ஏறக்குறைய ஏழு பாகை செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. இறுகிய ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் நெகிழ்ந்து புகாது; ஆகவே பிடிப்புக் குறையும். குளிர்கால டயரோ உறைபனியிலும் மென்மையாக இருக்கும்படி கலவை செய்யப்பட்டது. இரண்டாவது, அதன் மேற்பரப்பில் உள்ள மெல்லிய கீறல்கள். ஆயிரக்கணக்கான அந்தக் கீறல்களின் விளிம்புகள் பனியைக் கவ்வுகின்றன. இக்கீறல்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், 1920-களில் இதற்குக் காப்புரிமை பெற்ற ஜான் சைப் என்னும் அமெரிக்கரின் பெயரே. இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்த அவர், ஈரத் தரையில் வழுக்காதிருக்கத் தம் காலணியின் ரப்பர் அடியில் கத்தியால் கீறிப் பார்த்ததாகக் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, பின்லாந்து நாட்டில் 1934-ஆம் ஆண்டு லாரிகளுக்கென முதல் குளிர்கால டயர் செய்யப்பட்டது வரலாறு. பனி அங்கே ஆண்டில் பாதி. தேவை புதுமையைப் பெற்றெடுத்தது.

இத்தனை சிறப்புள்ள டயர் ஜவ்வாது மலைக்கு வந்தால் என்ன ஆகும்? நம் மலையில் பனி பொழிவதில்லை. மார்கழி விடியலில் போர்வையை இழுத்துப் போர்த்துகிறோம், உண்மை. ஆனால் வெயில் ஏறிய பிறகு தார்ச்சாலை எந்த நாளும் ஏழு பாகையில் கிடப்பதில்லை. மேலும் வேலூர்ப் பயணத்தில் பெரும்பகுதி சமவெளியில்தான். வேலூரின் வெயிலைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமோ? உறைபனிக்கெனச் செய்த மென்ரப்பர் சூடான தாரில் தளதளவென்று ஆடும், விரைந்து தேயும், பிரேக் பிடித்தால் சாதாரண டயரைவிடச் சற்றுத் தொலைவு சென்றே நிற்கும். தாயைக் காக்கவென்று அனுப்பும் பொருள் தாயின் பயணத்தையே ஆபத்தாக்கும். அனுப்புவதும் அத்தனை எளிதன்று. 2020 ஜூன் மாதத்தில் இந்திய அரசு புதிய டயர்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட இனங்களுள் சேர்த்தது.

அதுவும் எங்கே அனுப்புவது? தமிழ்நாட்டுக்கு! 1946-இல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் டயர்த் தொழிற்சாலை, வேலூரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத அரக்கோணத்தில் இயங்குகிறது. அப்போலோ நிறுவனத்துக்கு ஒரகடத்திலும், பிரெஞ்சு நாட்டு மிஷெலினுக்குத் தேர்வாய்கண்டிகையிலும் ஆலைகள் உள்ளன. கொல்லன் தெருவில் ஊசி விற்கும் கதைதான்.

பெரியவனுக்கு இதைச் சொன்னபோது, "அப்படியானால் கோடை டயரிலேயே போகட்டும் என்கிறீர்களா?" என்று வருந்தினான். பெயர்தான் அவனைக் குழப்பியது. ஐரோப்பாவில் கோடை டயர் என்பது நம் நாட்டில் ஆண்டு முழுவதும் விற்கும் டயரே. கோடை என்ற பெயர் இருப்பதால் அது மழைக்கு ஆகாது என்று பொருளில்லை. நீரை வெளியேற்றும் பள்ளங்கள் அதில் நன்றாகவே அமைந்திருக்கும். ஏழு பாகைக்கு மேற்பட்ட ஈரச்சாலையில் நல்ல கோடை டயரே சிறந்தது. கேள்வி கோடையா குளிரா என்பதன்று. எந்தக் கோடை டயர், எத்தனை ஆண்டுப் பழையது, எத்தனை ஆழம், எத்தனை அகலம் என்பதே கேள்வி.

இனி எங்கள் மலையில் டயரின் பகைவர் யார் என்று பார்ப்போம். முதற்பகை, நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழை. சாலையில் படிந்த தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் தேய்ந்த ரப்பரும் சில துளி நீரில் குழைந்து சோப்புப்போல் ஆகும். பெருமழை கழுவிச் செல்லும்வரை அந்த வழுக்கல் நீங்காது. அடுத்தது, மேட்டிலிருந்து வளைவில் வழிந்து படியும் செம்மண் சேறு. மூன்றாவது பகை நம்மவர் கைவேலை! சாமை, கேழ்வரகு அறுவடை இதே மாதங்களில்தான் வருகிறது. களம் இல்லாதவர்கள் கதிரைத் தார்ச்சாலையில் பரப்பி, போகிற வண்டிகளின் சக்கரத்தால் போரடித்துக்கொள்கிறார்கள். ஏழை உழவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. களம் கட்டிக் கொடுக்காதவர்களைத்தான் கேட்க வேண்டும். ஆயினும் தூறலில் நனைந்த வைக்கோல்மேல் பிரேக் பிடித்தவர்களுக்குத் தெரியும், அது பனிக்கட்டிக்குச் சிறிதும் இளைத்ததன்று.

சமவெளிக்கு இறங்கியபின் பகை உருமாறுகிறது. மலையில் வேகம் குறைவு. ஆபத்து வளைவில் வழுக்குவது. போளூர் தாண்டிய நேர்ச்சாலையில் வேகம் கூடுகிறது. அங்கே தேங்கிய நீரின்மேல் டயர் மிதக்கத் தொடங்குவதே ஆபத்து. சக்கரத்தின் முன்னே குவியும் நீரை டயரின் பள்ளங்கள் வெளியேற்ற முடியாமற்போனால், நீர்ப்படலம் ரப்பருக்கும் சாலைக்கும் இடையே புகுந்து டயரைத் தூக்கிவிடும். அந்நேரம் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. பிரேக் மிதித்தாலும் நிற்காது. விமானச் சக்கரங்கள் நனைந்த ஓடுதளத்தில் மிதப்பதை 1960-களில் அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் ஆராய்ந்து ஒரு கணக்குத் தந்தார்கள். அதன்படி, நீர் ஆழமாகத் தேங்கி, டயரின் பள்ளங்கள் தேய்ந்தும் போயிருந்தால், 32 பவுண்டு காற்றழுத்தமுள்ள டயர் மணிக்கு ஏறக்குறைய 94 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும். அழுத்தம் 24 பவுண்டாகக் குறைந்திருந்தால் 82 கிலோமீட்டரிலேயே மிதந்துவிடும். இந்த வேகங்கள் நம் இளைஞர்களுக்கு வேகமாகவே தோன்றாதவை என்பதுதான் அச்சம் தருகிறது.

ஆகவே பள்ளத்தின் ஆழம் முதற்கேள்வி. ஒர்க்‌ஷாப்காரர்கள் 'பட்டன்' என்பது இதைத்தான். புதிய கார் டயரில் ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், காருக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்கின்றன. அந்த அளவில் பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடுகள் வார்க்கப்பட்டிருக்கும். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஆனால் சட்டம் சொல்வது கடைசி எல்லை. மழை அதுவரை பொறுத்திராது. மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே ஈரச்சாலைப் பிடிப்பு விரைந்து இறங்குகிறது. கருவி இல்லாதவர்கள் தீக்குச்சி ஒன்றைப் பள்ளத்தில் நுழைத்து, நகத்தால் குறியிட்டு, பிள்ளையின் அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். நடுவில் மட்டுமன்றி இரு ஓரங்களிலும் பார்க்க வேண்டும். அலைன்மென்ட் கோணினால் உள்ளோரம் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் மொட்டையாகிவிடும்.

இளையவனின் டயர்களை இவ்வாறு அளந்தோம். ஐந்து மில்லிமீட்டர்! "பார்த்தீர்களா மாமா, புதிதுபோல் இருக்கிறது" என்று மகிழ்ந்தான். அதன்பின் நான் பக்கச்சுவரில் டார்ச்சு விளக்கைப் பிடித்து, நீள்வட்டத்துக்குள் பொறித்த நான்கு இலக்கங்களைத் தேடினேன். 2217 என்றிருந்தது. முதலிரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. அதாவது 2017-ஆம் ஆண்டின் 22-ஆம் வாரத்தில் வார்த்த டயர். முந்தைய உரிமையாளர் காரை ஓட்டியதைவிட நிறுத்திவைத்து அழகு பார்த்ததே அதிகம்போலும். பட்டன் தேயவில்லை, ரப்பர் மூப்படைந்துவிட்டது. பள்ளங்களின் அடியில் மயிரிழைபோன்ற வெடிப்புகள் தெரிந்தன. ஐந்தாறு ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்ட வேண்டும், பத்தாண்டுக்கு மேல் எப்படியும் வைத்திருக்கக்கூடாது என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். வெடிப்புக் கண்டபின் ஆண்டுக் கணக்கும் வேண்டியதில்லை. குளிரில் இறுகுமே என்று பெரியவன் அஞ்சிய ரப்பர், குளிராலன்றி வயதால் இறுகிப் போயிருந்தது.

மாற்றுவது உறுதியாயிற்று. எதை வாங்குவது? இங்கேதான் எனக்கும் இளையவனுக்கும் சிறு பூசல். அவன் அதே பதினெட்டு அங்குல அளவில் புதியன வாங்க விரும்பினான். நான் காரின் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருந்த சீட்டைப் படிக்கச் சொன்னேன். நிறுவனம் அந்தக் காருக்கு ஒப்பிய அளவுகளில் 205/55 ஆர் 16 என்பதும் ஒன்று. அவன் போட்டிருந்ததோ 225/40 ஆர் 18.

இந்த எண்கள் வாய்ப்பாடுபோல எளியவை. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது. கடைசி எண் உள்ளே இருக்கும் உலோகச் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். கணக்கிட்டால், பதினெட்டு அங்குல டயரின் பக்கச்சுவர் 90 மில்லிமீட்டர். பதினாறுக்கு ஏறக்குறைய 113. முழு விட்டமோ முன்னதற்கு 637, பின்னதற்கு 632. வெளிச்சுற்று ஏறக்குறைய ஒன்றேயாதலால் வேகமானி ஏமாற்றாது. பற்சக்கரக் கணக்கும் மாறாது. ஆனால் குழியில் விழும்போது அடியை ஏற்கும் ரப்பரும் காற்றும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கூடுகின்றன. கல்லில் மோதி ரிம் நசுங்குவதும், பக்கச்சுவர் வீங்கிப் புடைப்பதும் குறையும். அகலம் குறைவதால் தேங்கிய நீரை விலக்கும் வேலையும் குறையும். அகன்ற டயர் அகன்ற மண்வெட்டியைப்போல அதிக நீரைத் தள்ள வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவில் வேகக் கார் வைத்திருப்போரும் குளிர்காலத்துக்கெனச் சிறிய ரிம்மில் குறுகிய டயரைப் பூட்டுவது இதனால்தான். பெரியவன் சொன்ன வழக்கத்தில் நாம் இரவல் வாங்க வேண்டியது ரப்பரையன்று, இந்த அளவுக் கணக்கையே.

இளையவன் முகம் வாடியது. "பார்க்க நன்றாக இராது, மாமா. வளைவில் பிடிப்பும் குறையும்" என்றான். அவன் சொன்னதில் பாதி மெய். காய்ந்த சாலையில், வேகமாகத் திரும்பும்போது, பக்கச்சுவர் உயர்ந்த டயர் சற்று நெளியும். ஸ்டீயரிங்கின் கூர்மை சிறிது மழுங்கும். ஓட்டத்தில் இன்பம் காண்பவர்களுக்கு அது இழப்பே. ஆனால் இதய நோயுள்ள தாயைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு யார் வளைவில் கூர்மை பார்ப்பது? இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து அவனே, "பழைய பதினாறு அங்குல ரிம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டான்.

கிடைத்தது. ஒரு எச்சரிக்கை: சில வேகக் கார்களில் பிரேக் தட்டு பெரிதாக இருக்கும், சிறிய ரிம் அதன்மேல் உரசும். ஆகையால் பணம் கொடுக்குமுன் ஒரு ரிம்மைப் பூட்டிச் சுற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் அவ்வாறே செய்தோம்.

டயர்க் கடையில் அரைநாள் சென்றது. கடைக்காரர் முதலில் காட்டியது 'எம் பிளஸ் எஸ்' எழுதிய டயர். "மலைக்கு இதுதான் சார். சேறு, பனி எல்லாம் தாங்கும்" என்றார். அந்த எழுத்துகள் தயாரிப்பாளர் தாமே சூட்டிக்கொள்ளும் பட்டம். மலையும் பனித்துகளும் உள்ள முத்திரைக்குப்போல் அதற்குச் சோதனை கிடையாது. காட்டுப் பாதையில் செல்லும் ஜீப்புக்குப் பெரிய பட்டன் வைத்த டயர் பொருந்தும். சேற்றை அது வாரி எறியும். தார்ச்சாலைக் காருக்கு அது இரைச்சலையும் நீண்ட பிரேக் தூரத்தையுமே தரும்.

நாங்கள் தேடியது வேறு. 2022-இல் இந்திய அரசு வெளியிட்ட ஆணையின்படி, டயர்களின் உருளும் தடை, இரைச்சல் ஆகியவற்றோடு ஈரச்சாலைப் பிடிப்புக்கும் குறைந்தபட்ச அளவு வரையறுக்கப்பட்டது. அதற்குப் பிந்திய தயாரிப்பாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. சில டயர்களில் அமெரிக்க முறைப்படி 'டிராக்‌ஷன்' என்று எழுதி ஏஏ, ஏ, பி, சி என்னும் தரம் பொறித்திருப்பார்கள். நனைந்த தளத்தில் நேராகப் பிரேக் பிடித்துப் பார்த்த தரம் அது. வளைவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது என்றாலும், பி தரத்தைவிட ஏ மேல். 91 வி என்ற குறியில் 91 என்பது ஒரு டயர் 615 கிலோ சுமக்கும் என்பதையும், 'வி' மணிக்கு 240 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதையும் காட்டும். கார் நிறுவனம் கேட்ட குறிக்குக் குறையாமல் வாங்கினால் போதும். போளூர்ச் சாலையில் அதற்குமேல் யாருக்கு வேண்டும்? நீண்ட பள்ளங்கள் நான்கு சுற்றிவரும் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தோம். அந்த ஆண்டு வார்த்தவையாகவே கேட்டு வாங்கினோம். பதினெட்டு அங்குல டயருக்கு அதே கடையில் ஒன்றரை மடங்குக்கு மேல் விலை சொன்னார்கள். மிச்சப்பட்ட பணம் ரிம்முக்குச் சரியாகிவிட்டது.

கையில் இரண்டு டயருக்கு மட்டுமே பணம் உள்ளவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் கார் ஆதலால் புதியதை முன்னே போடுங்கள் என்றுதான் பெரும்பாலோர் சொல்வர். எங்கள் கடைக்காரரும் அதையே ஒரு வழக்கமாகச் சொன்னார். டயர் நிறுவனங்கள் நேர்மாறாகச் சொல்கின்றன: ஆழமான பட்டன் உள்ளவை பின்னே இருக்கட்டும். முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே போகப் பார்க்கும். காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் மீண்டுவிடலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியின் பின்புறம் முன்புறத்தை முந்தப் பார்க்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் கார் சுழன்றுவிடும். பள்ளத்தாக்கின் ஓரத்தில் சுழல்வதற்கு இடமில்லை.

காற்றழுத்தத்தைப் பற்றி ஒரு வேடிக்கை. ஆலங்காயம் பக்கம் உள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வு நிலையம் இருப்பதை வாசகர்கள் அறிவர். 1986 ஜனவரி 6 அன்று பெயர் சூட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 725 மீட்டர் உயரம். வேலூர்ப் பகலில் டயரில் 32 பவுண்டு நிரப்பிக்கொண்டு அந்த உயரத்துக்கு ஏறி, 15 பாகை குறைந்த விடியலில் அளந்தால், குளிரால் இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல் இறங்கும். மலைமேல் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவாதலால் அளவி ஒரு பவுண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கூட்டிக் காட்டும். ஒன்றை ஒன்று ஓரளவு ஈடுசெய்ய, நிகர இழப்பு ஏறக்குறைய ஒன்றரைப் பவுண்டு அளவே. ஆகவே மலைக்கென்று தனிக் கணக்கு வேண்டியதில்லை. ஓட்டத் தொடங்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது, சீட்டில் உள்ள அளவுக்கு நிரப்பினால் போதும். மழைக்குப் பிடிப்புக் கூடும் என்று காற்றைக் குறைப்பவர்கள் நாசாவின் கணக்கை நினைவிற்கொள்ள வேண்டும்.

எத்தனை நல்ல டயரும் செய்ய முடியாதது உண்டு. இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே நம்பி இறங்குபவரை எந்த ரப்பரும் காப்பாற்றாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டித் தீர்த்தபோது, திருவண்ணாமலையில் மலையடிவார வீடு மண்ணில் புதைந்து ஏழு உயிர்கள் மாண்டதை நாம் மறக்கவில்லை. மண்ணும் பாறையும் சரியும் நாளில் கேட்க வேண்டியது எந்த டயர் என்பதன்று. இளையவனோடு அப்போதே பேசி வைத்தேன்: வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால் பயணம் இல்லை, மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லி நாளை மாற்றிக்கொள்வது. மருந்து ஒரு வாரத்துக்குக் கூடுதலாகக் கையிருப்பில் இருக்க வேண்டும் என்று தமக்கையிடமும் சொல்லி வைத்திருக்கிறோம்.

ஸ்டெப்னியை மறந்துவிட்டேனே! உதிரிச் சக்கரத்துக்கு நாம் வழங்கும் இப்பெயர் வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்னும் ஊரின் ஒரு தெருப்பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தெருவில்தான் உதிரிச் சக்கரம் செய்யும் தொழில் பிறந்தது. ஆங்கிலேயர் அப்பெயரை மறந்துவிட்டனர், நம் பஞ்சர் கடைக்காரர்கள் மறக்கவில்லை. எங்கள் காரின் ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்தபோது பத்துப் பவுண்டு காற்றுக்கூட இல்லை. செல்பேசிக் கோபுரம் எட்டாத வளைவில் பஞ்சரானால் என்ன செய்திருப்போம்? அதற்கும் காற்றடைத்து, வால்வை மாற்றி வைத்தோம்.

ஐப்பசி முதல் மார்கழி வரை ஆறு பயணங்கள் நடந்தன. ஒன்றை மழைக்காக ஒத்திவைத்தோம். பிப்ரவரி முடிவில் மழை ஓய்ந்து சாலை காய்ந்தபின், இளையவன் பதினெட்டு அங்குல ரிம்களுக்குப் புதிய டயர் விலை விசாரிக்கத் தொடங்கினான். உயிர்ப்பு விழா முடிந்த வாரத்தில் பெரியவன் ஜெர்மனியிலிருந்து, தன் காருக்குக் கோடை டயர் மாற்றிவிட்டதாகச் செய்தி அனுப்பினான். "நீயும் மாற்றிக்கொள்ளலாமே" என்று தம்பிக்கும் எழுதியிருந்தான். தமக்கையிடம் அதைப் படித்துக் காட்டினோம்.

"இருக்கிறபடியே இருக்கட்டும். இதில் முதுகு வலிக்கவில்லை" என்றார் அவர். பதினெட்டு அங்குலச் சக்கரங்கள் நான்கும் அவர் வீட்டுத் திண்ணையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. சாமை மூட்டைகளை ஈரம் தாக்காமல் வைப்பதற்கு அவை வாகாக இருக்கின்றனவாம்.